மொக்கம்மாக்கா உறங்க வைத்த பிள்ளைகள்

பிள்ளைகளை உறங்க வைக்க உட்காருமுன் மொக்கம்மாக்கா வளையல்களைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவார். தட்டிக்கொடுக்கையில் சத்தம் வரக் கூடாது. வேலையில்லாத நாட்களில் பால்வாடிப் பக்கம் போகும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன்.

தேவாரம் ஊரில் எங்கள் தெருப் பால்வாடிக்கு அவர்தான் ஆயா. அவருக்குப் பிள்ளை இல்லை. கணவர் ஒச்சாண்டி இறந்தபின் தனியாக இருந்தார். நாங்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்கப் போவோம். பால்வாடி திறக்கும்வரையும், முடிந்த பிறகு ஜீப் திரும்பும்வரையும் எங்கள் பிள்ளைகளை அவரே வைத்திருப்பார்.

என் மகள் சினேகா மதியம் அவரிடம் நன்றாக உறங்கிவிடுவாள். இரவில் நான் அலுத்துப் படுத்தால் அவள் கொட்டக்கொட்ட விழித்திருப்பாள். நானும் வளையலைக் கழற்றிவிட்டுத் தட்டிப் பார்த்தேன்.

"ஆயா இப்படித் தட்டாது" என்று கையைத் தள்ளிவிட்டாள்.

ஜீப்பில் இதைச் சொன்னது தப்பாகப் போயிற்று.

"அவளுக்கு மொக்கம்மாதான் ஆத்தா. நீ சும்மா பெத்துக் குடுத்தவ" என்றாள் கூட வேலை பார்க்கும் சந்தனம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பிள்ளையை விடும்போது சொன்னேன்.

"அக்கா, இனிமே இவளப் பகல்ல உறங்க வைக்காதீக."

"ஏன் ஆத்தா, டாக்டரு ஏதும் சொன்னாகளா?"

"இல்ல. ராத்திரி எங்கிட்ட உறங்கட்டும்."

அவர் சினேகாவை இடுப்பில் வாங்கிக்கொண்டார். "சரி, ஒம் பிள்ள" என்றார்.

அன்று முழுக்க எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை. தூக்கக் கலக்கத்தோடு வருவாள், என் மடியில் சாய்வாள் என்று நினைத்துக்கொண்டே களையெடுத்தேன். ஜீப் வழியில் பழுதாகி இருட்டிய பிறகுதான் ஊருக்கு வந்தது. பால்வாடி வாசற்படியில் சினேகா மொக்கம்மாக்கா மடியில் வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் தட்டல ஆத்தா. பொழுதுக்கும் முழிச்சிருந்தா. இப்பத்தான் அவளா சாஞ்சுட்டா."

நான் தூக்கியதும் விழித்தாள். என்னைப் பார்த்துவிட்டு "ஆயா" என்று அழுதாள். தெரு முடியும்வரை அழுதாள். நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இருந்தால் என்னால் தாங்க முடியாது.

காலையில், "எப்பவும் போல உறங்க வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப் ஏறினேன்.

இப்போது சினேகா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் மொக்கம்மாக்கா வீட்டுக்குப் போய் உறங்குகிறாள். அன்று எனக்குத் தோட்ட வேலை கிடையாது. நான் வீட்டில்தான் இருக்கிறேன்.