விஜேந்திரன் வீட்டுத் துவக்கு

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், விஜேந்திரன் வீட்டில் ஒரு துவக்கு இருக்கிறது. இதைப் படித்ததும் தொலைபேசியைத் தேடுகிறவர்கள் பொறுக்க வேண்டும். பொலிஸ் ஏற்கெனவே வந்துவிட்டுப் போய்விட்டது.

விஜேந்திரன் தேயிலை ஆலையில் மெக்கானிக். பகல் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, வரிசை வீடுகளான லயத்தின் பின்னாலுள்ள தகரக் கொட்டிலில் மறுபடியும் இரும்போடு உட்காருவார். சிலருக்குக் கிரிக்கெட், சிலருக்கு அரசியல், இவருக்கு இரும்பு கடையும் லேத். பழைய சலவை இயந்திரத்தின் மோட்டார், செத்துப்போன லொறியின் அச்சு, ஆறு வருடப் பிடிவாதம் எல்லாவற்றையும் சேர்த்து அதை அவரே கட்டினார். பித்தளையில் எழுத்து வெட்டி இரண்டு பொத்தான்களுக்கும் பெயர் பதித்தார். ஒன்று ‘நிறுத்து’, மற்றது ‘துவக்கு’. இவர் இரும்பைப் பிடித்துக்கொண்டு “துவக்கு!” என்று குரல் கொடுப்பார், மனைவி ஜெயந்தினி பொத்தானை அழுத்துவாள்.

நம் நாட்டில் துப்பாக்கிக்கும் அதுதான் பெயர் என்பதும், சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. ‘ஸ்டார்ட்’ என்று எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும், ஊரே அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைக்கும் முன்ஸிப், கேரட் போட்ட மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வராமலிருக்க அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அதன் உள்ளே தோட்டாவைத் தட்டும் சின்ன ஊசி உடைந்துபோனது. அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு மலையேறி வந்தார்.

“தம்பி, இது மாதிரி ஒண்டு கடஞ்சி தாங்களேன். ஒங்கட கைக்கு இது ஒரு வேலயா?”

“கைக்குப் பெரிசில்ல நானா, சட்டத்துக்குப் பெரிசு. அரசாங்கக் கச்சேரியில அனுமதிக் கடுதாசி வாங்கிட்டு வாங்க.”

“அதுக்குள்ள பண்டி என்ட கெரட்ட முடிச்சிருமே!”

“பன்றிக்கு நான் பொறுப்பில்ல.”

முன்ஸிப் வெறுங்கையோடு இறங்கினார். அதை யாரோ பார்த்தார்கள். பார்த்த கதை கடைவீதிக்குப் போய்ச் சேரும்போது ஊசி குழாயாகி, குழாய் பெட்டி நிறையத் துவக்காகியிருந்தது.

மூன்று மாதம் தமிழ் வகுப்புக்குப் போன சார்ஜன்ட் ஒருவர் ஜீப்பில் வந்தார். கொட்டிலைப் புரட்டினார். துப்பாக்கி இல்லை. ஆனால் பித்தளையில் பளபளவென்று ‘துவக்கு’ இருந்தது. போதாததற்கு விஜேந்திரனின் வேலைக் கொப்பி வேறு.

“‘துவக்கு சரியில்லை. அழுத்தினால் சத்தம் மட்டும்’,” என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். “‘இன்று துவக்கு வேலை செய்தது. ஜெயந்தினி பயந்துவிட்டாள்.’ யாரு இந்த ஜெயந்தினி? உசிரோட இருக்கா?”

“நான்தாங்க சேர்,” என்றாள், தேநீர் கொண்டுவந்த ஜெயந்தினி.

அதே கொப்பியில், ‘முன்ஸிப் நானா துப்பாக்கி ஊசி கேட்டார். முடியாது என்றேன்’ என்றும் இருந்தது. வகுப்பில் துப்பாக்கி என்ற சொல் வரவில்லை போலும். சார்ஜன்ட் பக்கத்தைப் புரட்டிவிட்டார். லேத்தும் கொப்பியும் ஜீப்பில் ஏறின.

எட்டு நாள் கழித்து, வழக்கு ஒன்றுமில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினைக் கொண்டுபோ என்று சொல்லியனுப்பினார்கள். விஜேந்திரன் சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போய்ப் பொலிஸ் புத்தகத்தை வாசித்தார். ‘துவக்கு செய்யும் இயந்திரம், ஒன்று’ என்று சிங்களத்தில் இருந்தது.

“இதுல கையெழுத்துப் போட்டா நானே ஒத்துக்கிட்ட மாதிரி. திருத்துங்க சேர்.”

“புத்தகத்துல எழுதினா எழுதினதுதான். போடாட்டி மெஷின் இல்ல.”

“இருக்கட்டும். நானும் இருக்கேன்.”

வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார். பொழுது சாய எழுப்பி அனுப்பினார்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார்.

“அந்தப் பேரச் சுரண்டிட்டு ஓன், ஓஃப்னு போட்டுத் தொலைங்களேன்,” என்றாள் ஜெயந்தினி.

“தப்பா வாசிச்சது அவங்க. சுரண்டுறது நானா?”

மூன்றாவது சனிக்கிழமை சார்ஜன்டுக்கே அலுத்துவிட்டது. “சரி, என்னா செய்யிற மெஷின்? பாப்பம்,” என்று மின்சாரம் கொடுக்கச் சொல்லி, தானே பொத்தானை அழுத்தினார். உர்ர் என்று சத்தம் மட்டும் வந்தது.

“மறுபடியும் துவக்கு சரியில்ல சேர். கொப்பியில எழுதியிருக்கேனே.”

சார்ஜன்ட் பொத்தானைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். “அப்ப... இதா துவக்கு?”

“இதுதாங்க துவக்கு.”

முதலில் சார்ஜன்டின் வயிறு குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. விஜேந்திரன் சிரிக்கவில்லை. பொத்தானைக் கழற்றி, கறுத்துப்போயிருந்த செம்புத் தகட்டைச் சுரண்டிப் பூட்டினார். லேத் சுழன்றது. சார்ஜன்ட் பழைய வரியை வெட்டி, ‘இரும்பு கடையும் இயந்திரம்’ என்று எழுதினார். விஜேந்திரன் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.

“பிரதியிலயும் திருத்துங்க சேர்.”

திருத்தினார்கள். அதன் பிறகுதான் பேனாவைத் தொட்டார்.

லேத் கொட்டிலுக்குத் திரும்பியபோது பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். ஜெயந்தினி பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு கெஞ்சினாள்: “இன்னைக்கு மட்டும் மெதுவா சொல்லுங்க.”

விஜேந்திரன் இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டு, கீழே ரோட்டுக்குக் கேட்கும்படி சொன்னார்:

“துவக்கு!”