வாசலுக்கு உள்ளே ஒரு சோடி

போன வெள்ளிக்கிழமை காலை, ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் செல்லையா சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவதை வாசலில் நின்று கண்டேன். வலது கை சரியாக மடங்காத மனிதர். அந்த ஏற்றத்துக்கு அவர் சும்மா வரமாட்டார். "ஐயா, போர்மன் மௌத்தாம். சுபஹுத் தொழுகையோட உயிர் போச்சுதாம்," என்றார். நான் உள்ளே போய்ச் சட்டையைப் போட்டேன். தெருவுக்கு இறங்கிய பிறகுதான் அதைப் புறம்மாறிப் போட்டிருப்பது தெரிந்தது.

ஹனீபா போர்மனை உங்களில் பலருக்குத் தெரியும். அவருக்குக் கீழே மின்கம்பம் ஏறியவர்களும், அவர் வந்து விளக்கெரிய வைத்த வீட்டுக்காரர்களும் இதை வாசிப்பீர்கள். நான் அவர் வேலை செய்த மின்சாரக் கந்தோரில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். அவரோடு சிநேகமாக இருந்ததைவிடச் சண்டை பிடித்த காலம்தான் அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதற்சண்டை சப்பாத்தில் தொடங்கியது. அறுபதுகளின் தொடக்கத்தில் வேலையாட்களுக்கென்று ஒரு பெட்டி சப்பாத்து வந்திறங்கியது. நல்ல தோல், பளபளப்பு. எண்ணிப் பார்த்துக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். போர்மன் வந்தார். பழுதான மீற்றர் ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்து, ஒவ்வொரு சப்பாத்தின் அடியிலும் தடவினார். காந்தம் போய் ஒட்டிக்கொண்டது. அடித்தோலுக்குள் ஆணி. "இதைப் போட்டுக்கிட்டுக் கரண்டில கை வைக்கிறதும் வெறுங்காலோட வைக்கிறதும் ஒண்டுதான் ஐயா," என்றார். ஒரு சோடி மிஞ்சாமல் திருப்பி அனுப்ப வைத்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மனிதர்களின் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்ப்பவர் அவர். அன்று முதல் எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

றப்பர் அடிவைத்த, ஆணியில்லாத சப்பாத்து வந்து சேர்ந்தது. ஆனாலும் போர்மனுக்கு நிம்மதியில்லை. நம் ஊரில் யார் சப்பாத்தோடு வீட்டுக்குள் போவார்கள்? கம்பத்தில் போட்டிருக்கும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு போய்த்தான் எல்லாரும் சுவிச்சைத் திறந்தார்கள். போட வேண்டிய இடத்தில் கழற்றினார்கள். அது மரியாதை. யாரும் அதைப் பிழையென்று நினைக்கவில்லை, நானும்தான்.

அவர் நினைத்தார். ஆளுக்கு இன்னொரு சோடி வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தார். "வாசலுக்கு உள்ள மட்டும் போடுறதுக்கு. அது றோட்டையே காணக்கூடாது," என்றார். வருடத்துக்கு ஆளுக்கு ஒரு சோடி என்பதுதான் சட்டம். அதைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கு வாய்த் துடுக்கு. சாமான் எடுக்க ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சிவப்பு மையால் அந்தத் தாளின் குறுக்கே, "ஒரு ஆளுக்கு இரண்டு கால்தான்" என்று எழுதி, உரக்க வாசித்தும் காட்டினேன். ஸ்டோர் முழுக்கச் சிரிப்பு. போர்மன் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு வீட்டின் மெயின் சுவிச்சைத் திருத்தச் செல்லையா போனார். அன்று விரத நாள், வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, கால்களையும் கழுவிக்கொண்டு, ஈரச் சீமெந்தில் நின்று சுவிச்சில் கை வைத்தார். உயிர் தப்பியது. வலது கை தப்பவில்லை.

விசாரணைக்குப் பெரிய துரை வந்தார். அந்தத் தாள் போர்மனின் சட்டைப் பையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வேலை, என் மானம் எல்லாம் அந்தப் பையில் இருந்தன. "இன்னொரு சோடி கேட்டீர்களா?" என்று துரை கேட்டார். "கேட்டனான் சேர். சட்டத்தில இடமில்ல எண்டாங்க. சட்டத்த மாத்தித் தாங்க," என்றார் போர்மன். அவருடைய கை சட்டைப் பைக்குப் போகவே இல்லை. வெளியே வந்ததும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அந்தப் பகிடி அவங்களுக்குத் தேவையில்ல ஐயா. ஒங்களுக்கு விளங்கினாப் போதும்," என்றார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் தாளை மேசையில் விரித்திருப்பேன். அந்த மனிதரை நினைத்து அன்று பிரமித்தவன், இன்னும் பிரமிப்பு நீங்காமல் இருக்கிறேன்.

சட்டம் மாறியது. கம்பம் ஏற ஏலாத செல்லையா ஸ்டோருக்கு, என் எதிர்க் கதிரைக்கு வந்தார். இடது கையால் எழுதப் பழகினார். ஓய்வு பெறும்வரை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன்.

இரண்டாம் சோடி வந்ததும் போர்மன் அதை வெள்ளைத் துணியில் சுற்றி, முதலில் எங்கே கொண்டுபோனார் தெரியுமா? அவர் தொழும் பள்ளிவாசலுக்கு. மின்விசிறிகளுக்குப் போகும் வயரில் பழுது. வாசலில் துணியை விரித்து, "பாருங்க, இது றோட்டக் கண்டதில்ல," என்று பெரியவர்கள் முன் வைத்தார். பள்ளி இமாம் குனிந்து, உள்ளங்கையால் அடியைத் தடவிப் பார்த்தார். "வாங்க உள்ளுக்கு," என்றார். போர்மன் வாசலிலேயே உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். ஏன் அங்கே தொடங்கினீர்கள் என்று பிறகு கேட்டேன். "என்ட பள்ளிக்குள்ள போட்டுக்கிட்டுப் போகாம, மத்தவங்கட கோயிலுக்குள்ள எந்த முகத்தோட போறது?"

பிறகு அம்மன் கோயிலுக்கும் போனார். கதை முன்பே எட்டியிருந்ததால் யாரும் மறிக்கவில்லை. ஐயர் மட்டும் சப்பாத்தில் தெளிக்கச் செம்போடு வந்தார். "தண்ணி மட்டும் வேணாம் ஐயா, அதுக்குத்தானே இவ்வளவு பாடும்!" என்று போர்மன் கும்பிடாத குறையாகக் கேட்க, ஐயர் சிரித்துக்கொண்டே விபூதியைத் தூவிவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மழை இருட்டு. போர்மனின் ஜனாஸாவைக் கிடத்தியிருந்த கூடத்தில் விளக்கு அணைந்து, சுவிச்சிலிருந்து புகை வந்தது. கந்தோரிலிருந்து ஒரு லைன்மன் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். வெள்ளைத் துணிப் பொட்டலத்தைக் கையில் வைத்தபடி தயங்கினார். அவ்வளவு பெரிய மனிதர் அங்கே கிடக்கும்போது எப்படிப் போடுவது? பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலை உள்ளே எடுத்து வைக்கப் போனார். பெண்கள் இருந்த திரைக்குப் பின்னாலிருந்து போர்மனின் அக்காவின் குரல் கேட்டது. "எங்கட தம்பி கிடக்கிற வீட்டுலயா, மகன், வெறுங்கால்? போட்டுட்டு வாங்க."

அவர் போட்டுக்கொண்டு உள்ளே போனார். ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. விளக்கு எரிந்தது.

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அந்தத் தாளை எடுத்தேன். நான் ஓய்வு பெற்ற நாளில், "ஸ்டோர்ச் சாமான், திருப்பித் தாறன்," என்று போர்மன் என் கையில் வைத்தது. கூட நடந்துவந்த செல்லையாவிடம் அதைப் பற்றி ஒருநாளும் நான் கதைத்ததில்லை. நீட்டினேன். இடது கையால் வாங்கி, சிவப்பு மை வரியைப் பார்த்தார்.

"தெரியும் ஐயா. அண்டைக்கு நானும் அங்கதான் நிண்டனான். நானும் சிரிச்சனான்." தாளைக் கவனமாக மடித்துத் திருப்பித் தந்தார். "போர்மன் மட்டும்தான் சிரிக்கேல்ல."

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. சிரிக்காத அந்த ஒரு முகமும் இருக்கிறது.