அண்ணாச்சி ஊன்றிய அருகு

செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பூ கொண்டு வருகிற பெண் வாசலில் நின்று சொன்னாள்: "டீச்சர், நர்சரி அண்ணாச்சி போயிட்டாவ." குடம் நிரம்பி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. கோவில்பட்டியில் தண்ணீரை வழிய விடுகிறவர்களைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். அன்று என்னைக் கேட்க ஆளில்லை.

உங்களில் பலர் சங்கரபாண்டி அண்ணாச்சியிடம் செம்பருத்தியோ முருங்கையோ வாங்கியிருப்பீர்கள். நூற்பாலைத் தோட்டத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்றபின் சின்னதாக நர்சரி வைத்தார். "உங்க வீட்டுல வெயில் பத்தாது, இது வேண்டாம்" என்று, கையில் எடுத்த செடியை வாங்கித் திரும்ப வைத்துவிடும் வியாபாரி. எனக்கு அவர் பழக்கமானது புல்லால்.

மூன்று வருடங்களுக்கு முன் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. தினமும் நடந்தால் சரியாகும் என்றார் டாக்டர். தெருவில் நடக்க இவர் மறுத்தார். "நாலு பேரு பாக்க நான் நொண்டணுமாக்கும்?" வீட்டு முன்புறமோ சுத்தக் கரிசல். கோடையில் கைத்தடி உள்ளே இறங்குகிற வெடிப்பு. மழையில் செருப்பை விடாத சகதி. புல்தரை போட்டுவிட்டால் காம்பவுண்டுக்குள்ளேயே நடப்பாரே என்று நினைத்தேன்.

அண்ணாச்சியிடம் கொரியன் புல் கேட்டேன். "கரிசலுக்கு அது ஆகாது டீச்சர். தண்ணி நின்னா அழுகிரும், மண்ணு வெடிச்சா கிழிஞ்சிரும்" என்றார். நான் கேட்பேனா? மதுரையிலிருந்து பாய் பாயாக வரவழைத்து விரித்தேன். சித்திரையில் வெடிப்போடு சேர்ந்து கிழிந்தது. ஐப்பசி மழையில் மிச்சமும் அழுகி நாறியது. அதில் வழுக்கி இவர் விழுந்தும்விட்டார். அப்புறம் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. "அன்னைக்கே சொன்னேன்லா" என்று அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது என் மனசு ஆறியிருக்கும்.

மழை விட்டதும் அவராகவே மண்வெட்டியோடு வந்தார். மண்ணைக் கொத்தி, மணலும் மக்கிய சாணமும் கலந்து, தண்ணீர் தெருப்பக்கம் வடிய வாட்டம் கொடுத்து, அருகம்புல் தண்டுகளைச் சாணுக்கு ஒன்றாக ஊன்றினார். "வேரு பிடிக்க மட்டும் தெனமும் தெளிங்க. பொறவு, மிதிச்ச தடம் நிமிராமக் கெடந்தா அன்னைக்கு நல்லாத் தண்ணி குடுங்க, போதும். ஒட்ட வெட்டிராதீங்க, நுனியை மட்டும் எடுங்க" என்றார். புல் பிடித்துக்கொண்டது.

தரை பச்சை கட்டிய ஒரு காலையில் இவர் சன்னல் வழியே பார்த்துவிட்டார். இவர் ஓட்டப்பிடாரம் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை; விவசாயியை எங்கள் பக்கம் சம்சாரி என்போம். அந்த வீடுகளில் நல்ல நாளில் சாணிப் பிள்ளையார் தலையில் அருகு வைப்பார்கள். அதையே புஞ்சையில் கண்டால் விட்டுவைக்க மாட்டார்கள். "ஏட்டி, அருகையா கொண்டாந்து வச்சிருக்க? எங்க அய்யா இதைக் கெல்லிக் கெல்லியே இடுப்பொடிஞ்சு போனாரு!" என்று கத்தியவர், தடியை ஊன்றிப் படியிறங்கி, தரையில் உட்கார்ந்து பிடுங்கத் தொடங்கிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க நட்டதையெல்லாம் புடுங்குதாரு, வந்து என்னன்னு கேளுங்க" என்று போன் போட்டேன். வந்தவர் கேட் ஓரமாக நின்று பார்த்தார். "அந்த இடது கையைப் பாருங்க டீச்சர்" என்றார் மெதுவாக. வலது கை சோர்ந்தபோதெல்லாம், இவர் தன்னை அறியாமல் இடது கையால் புல்லைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தார். "புல்லுக்கு ஒண்ணும் ஆவாது, வேரு உள்ள கெடக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்: "மாமா, அந்த மூலையில இன்னும் நெறையக் கெடக்கு போலுக்கே!"

அன்று முதல் அண்ணாச்சி தினமும் சாயங்காலம் வந்து இவர் பக்கத்தில் உட்காருவார். இவர் பிடுங்கிய குவியலைக் காட்டினால், "அடேயப்பா, இம்புட்டா!" என்று கன்னத்தில் கை வைப்பார். மறுவாரம் அதே இடத்தில் முளைத்து நிற்கும். மழை, பருத்தி, பேரன்கள் என்று பேச்சு நீளும். ஆறு மாதத்தில் இடது கை சட்டைப் பொத்தான் போட்டது. தடி வேண்டாமென்று ஆனது. புல்லும் மெத்தென்று அடர்ந்தது. பாவம், இந்த மனுசனை இப்படி ஏமாற்றுகிறோமே என்று எனக்குத்தான் உறுத்தல்.

அண்ணாச்சி இறந்த அன்று, இவர் மூன்று தெரு நடந்தே போய் மாலை போட்டார். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன்பின் பத்து நாள் புல் பக்கம் போகவே இல்லை. இடது கை விரல்கள் மறுபடி மடங்க ஆரம்பித்தன. நேற்று அண்ணாச்சி மாதிரியே சொல்லிப் பார்த்தேன்: "அருகு படியேறப் போவுது, பாருங்க. இன்னும் கொஞ்ச நாள் புடுங்கினா ஒழிஞ்சிரும்லா."

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆழக் கெல்லாம அருகு ஒழியாதுன்னு சம்சாரி மவனுக்குத் தெரியாதாட்டி? மொத நாள் கோவத்துல புடுங்கினேன். பொறவு, நான் புடுங்கினாத்தான அந்த மனுசன் வந்து உக்காருவாரு." சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

அண்ணாச்சி, உங்களுடைய அந்தச் சாயங்கால அரை மணி நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். இன்று ஐந்து மணிக்கு இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உங்களைப் போல இதமாகப் பேச எனக்கு வராது. புல்லை எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்பதிலேயே சண்டை வந்துவிட்டது. என்னைத் திட்டிக்கொண்டே, இவர் இரண்டு கையாலும் பிடுங்கினார்.