சித்தேரிக் கல்லும் நான்கு சிவப்புப் பொட்டுகளும்

செல்வி அக்காவுக்கு இது ஏழாம் மாதம். சித்தேரி மலைச் சாலையின் வளைவுகளில் ஜீப்பில் உட்கார்ந்து போக டாக்டர் விடமாட்டார். அதனால் ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பதிலாக நான் போய் வந்தேன். சித்தேரிக்குப் போக நினைப்பவர்களுக்கு வழி, செலவு எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் போன காரணத்தைச் சொல்லாமல் வழியை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

செல்வி அக்கா என் பெரியம்மா மகள். சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. பிரியாணி மசாலாவில் கல்பாசி போடுவோமே, அந்த வகையைச் சேர்ந்த பாறைப் பாசிகளைப் பற்றி ஆராய்கிறாள். பாறையில் சாம்பல் நிறத்தில் அப்பளம் ஒட்டியதுபோல் வட்டமாக இருக்கும். ஒரு மழைக்காலத்துக்கு நகத்தின் தடிமன் அளவுகூட வளராது. அதை வருடா வருடம் அளந்தால் மலைக் காற்றும் மழையும் எப்படி மாறி வருகின்றன என்று சொல்ல முடியுமாம். சித்தேரியைத் தாண்டி ஒரு சிற்றூரில், ஒருவருடைய கொல்லையில் நிற்கும் நடுகல்லில் நான்கு வட்டங்களை அவள் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள். பழைய காலத்தில் சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல் அது. ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. மூன்று வருடமாக ஜனவரியில் போய் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கிறாள். இந்த வருடம் விட்டுப்போனால் கணக்கு நடுவில் அறுந்துவிடும்.

நான் பத்தாவதோடு நின்றவள். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆன வருடம் அது. இப்போது நல்லம்பள்ளிப் பக்கம் சம்பங்கித் தோட்டத்தில் பூப் பறிக்கப் போகிறேன். புதியவர்களிடம் பேசச் சொன்னால் எனக்கு வார்த்தையே வராது. "யாருகிட்டயும் பேச வேணாம்டி, கல்லுகிட்டதான வேலை" என்று சொல்லித்தான் அக்கா என்னைச் சம்மதிக்க வைத்தாள். நிழல் விழாமல் நேராகப் படம் எடுக்க ஒரு வாரம் வீட்டில் தோசைகளை வைத்துப் பழகினேன். தம்பி ஆறிய தோசையாகவே தின்றான்.

அன்றைக்கும் விடியுமுன் பூப் பறித்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். நல்லம்பள்ளியிலிருந்து தர்மபுரிக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தர்மபுரியிலிருந்து அரூருக்கு ஆறே முக்காலுக்கு பஸ் ஏறினேன். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், முப்பத்தெட்டு ரூபாய். ஜன்னல் ஓரம் கிடைத்தும் ஒன்றையும் பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன். அரூரில் இறங்கியபோது எட்டு. மலைக்குப் போகிற காலை பஸ் அன்றைக்கு வரவில்லை. இது நடக்கக்கூடியதுதான், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நூறு ரூபாய் என்று ஒரு ஜீப் நின்றது.

ஜீப்பில் என்னைத் தவிர இரண்டு பேர். முனிராஜ் என்பவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். காலடியில் பிளாஸ்டிக் பக்கெட், பிரஷ்கள், சுருட்டிய தாள்கள் வைத்திருந்தார். இன்னொருவர் கவிதா, காதில் மாட்டும் கருவியும் மைக்குமாக இருந்தார். டிரைவர் வண்டியைவிட வாயை வேகமாக ஓட்டுபவர்.

"சார் எதுக்கு வரீங்க?"

"ஆராய்ச்சிங்க. பழைய கல்வெட்டு."

"மேடம்?"

"ஒப்பாரிப் பாட்டு ரெக்கார்ட் பண்றேங்க. நானும் பிஎச்டிதான்."

"சரிதான். ஒருத்தரு கல்லு, ஒருத்தரு ஒப்பாரி. ஏஞ் சார், இவ்ளோ ஆராய்ச்சி பண்றீங்களே, இந்த ரோட்டுக் குழிய ஆராய்ச்சி பண்ண ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்களே?" என்றவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பாப்பா எதுக்கு வருது?"

"பாசி" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"காசியா? காசி இந்தப் பக்கம் இல்ல பாப்பா" என்று சொல்லிச் சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கு மேல் பேசுகிற நிலையிலும் இல்லை. வளைவுகள் தொடங்கிவிட்டன. எலுமிச்சம்பழம் எடுத்துப் போங்கள். நான் எடுத்துப் போகவில்லை, வாந்தி எடுக்க இரண்டு முறை வண்டியை நிறுத்த வேண்டி வந்தது.

சித்தேரியில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் மண் பாதையில் நடக்க வேண்டும். மற்ற இருவரும் அந்தப் பாதையில்தான் முன்னால் போனார்கள். நான் மெல்ல நடந்து ராணியம்மா வீட்டைக் கண்டுபிடித்தேன். நடுகல் அவருடைய சாமைக் கொல்லையில்தான் நிற்கிறது. அக்கா பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் பாயைப் போட்டார்.

"கவுந்தடிச்சுப் படு கண்ணு. ஜீப்புல வந்தியா? அந்தாளு ஓட்டுனா மாடுகூட வாந்தி எடுக்கும்."

கண்ணை மூடித் திறந்ததுபோல்தான் இருந்தது, ஒரு மணி நேரம் போயிருந்தது. ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டார். சாப்பிடும்போது அவருடைய கொல்லைக்கு வந்து போனவர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எறும்பு பார்க்க ஒருவர் வந்து நாள் முழுக்கக் குப்புறப் படுத்திருந்தாராம். டப்பியில் மண் எடுத்துப் போக ஒரு பெண். சாமை என்ன விலைக்குப் போகிறது என்று கேட்க ஒருவர்.

"போன வருசம் ஒருத்தரு, உங்க வூட்ல எத்தன பேரு, யாரு யாரு எங்க கக்கூஸ் போறீங்கன்னு கேட்டாரு. எங்க மாமியா அவர அடிக்கவே போயிருச்சு" என்று சிரித்தவர், ஒரு குடத்தை எடுத்து வந்தார். "இன்னிக்கி ஒரு சாரு கல்ல கழுவோணும், தண்ணி வேணும்னாரு. நீ அங்கதான போற, ஒரு கொடம் எடுத்துட்டுப் போயிரு கண்ணு. நான் மாட்ட அவுத்துக் கட்டிட்டு வரேன்."

கழுவ வேண்டும் என்று சொன்னது என் காதில் விழுந்தது. களைப்பில் மண்டையில் ஏறவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதி வழி போன பிறகுதான் ஏறியது. அதற்குப் பிறகு ஓடினேன். குடத்தோடு ஓடினால் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, பாவாடை முழுக்க நனைந்துவிட்டது.

முனிராஜ் கல்லின் கீழ்ப்பாதியைத் தேய்த்து முடித்திருந்தார். கல் என் தோள் உயரம். ஓர் ஆள் கத்தியோடு நிற்கிறான், அவன் காலருகே மாடுகள், தலைக்கு மேல் எழுத்து வரிகள். மாடுகளுக்குப் பக்கத்தில் இருந்த நான்காவது வட்டம் இல்லை. அந்த இடத்தில் கல் ஈரமாக, புதிதாக இருந்தது. சிவப்புப் பொட்டில் பாதி மட்டும் மீதி.

"வாம்மா, கொண்டா. பக்கெட்டுல ஊத்து" என்றார்.

நான் ஊற்றவில்லை. குடத்தைக் கீழே வைத்து, கல்லுக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து, அந்தக் குடத்தைக் கட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"என்னம்மா? மயக்கமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். கவிதா ஓடி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் அங்கேதான் வேப்ப மரத்தடியில் ஒரு பாட்டைப் பதிந்துவிட்டு, அடுத்த பாட்டுக்காரப் பெண்களுக்காகக் காத்திருந்தார். நான் போனை எடுத்து, அக்கா போன வருடம் எடுத்த படத்தைத் திறந்து முனிராஜிடம் காட்டினேன். அளவுகோல், வட்டம், பொட்டு. அவர் படத்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிரஷைக் கீழே வைத்தார்.

"இது குங்குமம் இல்லியா? சாமிக்கு வெச்ச பொட்டுன்னுல்ல நெனச்சேன்."

"நகப்பூச்சுங்க" என்றேன். அன்றைக்கு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் கோபப்படவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். வரப்பில் உட்கார்ந்து பேசினார். முதல் முறை வந்தபோது மழை. இரண்டாம் முறை ஊரில் ஒரு சாவு, யாரும் கொல்லைக்குள் விடவில்லை. இது மூன்றாம் முறை. மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கல்லைச் சுத்தம் செய்து, ஈரத் தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, மேலே மை ஒற்றினால்தான் எழுத்து தெளிவாகத் தெரியும். அதற்கு மைப்படி என்று பெயர். மீதி மூன்று வட்டங்களும் எழுத்து வரிகளின் மேலேயே இருந்தன.

அதற்குள் ராணியம்மா வந்துவிட்டார். இருவரையும் பார்த்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? எங்க கெணத்துல நாலு பங்கு. ஆளுக்கு ஒரு நாளு மொற வெச்சுத் தண்ணி எறைக்கறோம். கல்லுக்கும் அப்பிடி மொற வெச்சுக்குங்க. இன்னிக்கி சாரு கழுவட்டும், நாளைக்கி பாப்பா படம் புடிக்கட்டும்."

முனிராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

"கெணத்துல தண்ணி ஊறும்ங்க" என்றேன். "இது ஊறாதுங்க."

 இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.  ராணியம்மாவே வட்டத்தின் அருகில் குனிந்து பார்த்து, "ஆமா, எனக்குக் கண்ணாலம் ஆகி வந்தப்பவே இது இருந்துச்சே" என்றார்.

முனிராஜ் எழுந்தார். "மூணுல ஒண்ண விட்டுர்றேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா. எதுன்னு நீயே சொல்லு."

அக்காவைக் கூப்பிடலாம் என்றால் அங்கே சிக்னல் இல்லை. வாட்டர் டேங்க் மேட்டில் மட்டும் ஒரு கோடு வரும் என்றார்கள், ஏறிப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. திரும்பி வந்து மூன்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தேன். பிறகு பழைய படங்களோடு ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. இன்னொன்று பக்கத்துப் பாசியோடு ஒட்டிக்கொண்டு, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தது. வரியின் நடுவில் இருந்தது மட்டும் ஐந்து ரூபாய் நாணயம் அளவில், யாரோடும் ஒட்டாமல் தனியாக இருந்தது. தோசை விஷயத்தில் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. "ஓரம் தெளிவா தெரிஞ்சாத்தான் அளக்க முடியும்." அதைக் காட்டினேன்.

அவர் அந்த இடத்தை ஒரு நிமிடம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, "சரி" என்று மட்டும் சொன்னார்.

மற்ற இரண்டையும் என் கண் முன்னாலேயே தேய்த்தார். நான் கொண்டு வந்த தண்ணீரில்தான். தனி வட்டத்தைச் சுற்றி ஈரத்துணியால் மட்டும் மெல்லத் துடைத்தார். தாளை விரிக்குமுன் பிளேடால் அந்த இடத்துக்கு ஓர் ஓட்டை வெட்டினார். தட்டி, மை ஒற்றி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. உரித்து எடுத்தபோது கறுப்புத் தாளில் எழுத்துகள் வெள்ளையாக வந்திருந்தன. விரல் வைத்துப் படித்தார்.

"...ஊர் ஆளும்... மகன்..." விரல் ஓட்டையில் நின்றது. அதைத் தாண்டி வைத்தார். "...தொறு மீட்டுப் பட்டான்." என்னிடம் திரும்பிச் சொன்னார்: "களவு போன மாட்டுக் கூட்டத்த மீட்டுட்டுச் செத்தான்னு அர்த்தம்மா."

"பேரு?" என்று கவிதா கேட்டார்.

"பேரு ஓட்டைலதாங்க இருக்கு. பாசிக்கு அடில ரெண்டு மூணு எழுத்து."

அந்த ஒரு நிமிடம் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் காது சூடானது. கவிதா தன் கருவியில் காலையில் பதிந்த பாட்டு ஒன்றைத் தேடி ஓடவிட்டார். ஊர்ப் பெண்கள் இந்தக் கல்லுக்குப் பாடுகிற ஒப்பாரியாம். நால்வரும் கேட்டோம். மாடு வருகிறது, கத்தி வருகிறது, மலை வருகிறது. அவனை மட்டும் கடைசி வரை 'அண்ணா' என்றே கூப்பிடுகிறார்கள்.

"பேரு வரல" என்று சொல்லி நிறுத்தினார்.

"உங்க அக்காவுக்கு இன்னும் எத்தன வருசம் வேணும்?" என்று முனிராஜ் கேட்டார்.

"ரெண்டு மழைன்னாங்க."

தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டு சுருட்டினார். "அப்ப இவரு பேரு இல்லாமயே என் தீசிஸ்ல இருக்கட்டும்" என்றார். ராணியம்மா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நான்கரைக்கு அதே ஜீப். இறங்கும்போது டிரைவர்கூடப் பேசவில்லை, அவருக்கும் அலுப்பு. அரூரில் சிக்னல் வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். 

"நீ சாப்டியா மொதல்ல?"

"ம்."

"எத விட்டாங்க?"

"தனியா இருக்கறது. நடுவுல."

"ஒண்ணே ஒண்ணு." மூச்சு விட்டாள். "ஒண்ண வெச்சு என்ன சொல்ல முடியும்னு எங்க கைடு சார்கிட்ட கேக்கறேன். ஒருவேள மொதல்லருந்து வேற கல்லு தேடணும்னு சொல்வாரு." பிறகு, "நீ பேசுனியாடி? நெஜமாவா?" என்றாள்.

வீடு வந்து சேர எட்டரை ஆனது. மறுநாளும் பூ இருந்தது.

அங்கே யார் சொன்னதும் தப்பாக எனக்குத் தெரியவில்லை. பாசி படிப்பவர் பாசியைப் பார்க்கிறார், எழுத்து படிப்பவர் எழுத்தைப் பார்க்கிறார், பாட்டு படிப்பவர் பாட்டைக் கேட்கிறார். ஒருவருக்கு மற்றவர் வந்து போனது தெரிவதில்லை. தெரிந்தவர் ராணியம்மா ஒருவர்தான், அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவரிடம் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் மீதி மூன்று வட்டமும் இருந்திருக்கும். ஜீப்பில் நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருந்தாலும்தான்.

போகிறவர்களுக்கு: போய்வர எனக்கு ஆன செலவு இருநூற்று எழுபத்தாறு ரூபாய். சாப்பாட்டுக்கு ராணியம்மா காசு வாங்க மாட்டார், வாழைப்பழமோ பிஸ்கட்டோ எடுத்துப் போங்கள். மாலை நாலரைக்குப் பிறகு கீழே இறங்க வண்டி கிடைப்பது கஷ்டம். வெயிலுக்குத் துண்டு, வளைவுக்கு எலுமிச்சம்பழம். எந்த வேலைக்காகப் போனாலும் முதலில் கொல்லைக்காரரிடம் போய், இதற்கு முன் யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். கல்லைப் பாருங்கள், படம் எடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். மேல் வரியின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டும் பக்கத்தில் சாம்பல் நிற வட்டமும் இருக்கும். பொட்டு குங்குமம் அல்ல. வட்டத்தைச் சுரண்டிப் பார்க்கவும் வேண்டாம். அதற்கு அடியில் ஒருவருடைய பெயர் இருக்கிறது.