எட்டு மாதத்துப் பிள்ளை

என் மகள் பிழைத்துக்கொண்டாள். அதுதான் என்மேல் விழுந்த பழி. செத்திருந்தால் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார்கள்.

அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் கல்யாணமாகி எம். புதுப்பட்டிக்கு வந்தது ஒரு வைகாசியில். என் வீட்டுக்காரர் வெடிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். ஆடி பிறந்ததும் வழக்கப்படி என்னைப் பிறந்த வீட்டுக்கு, ஆனைக்குட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது என்று புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து வைப்பார்கள். அதே மாதம் அவரும் தீபாவளி சீசனுக்காக விருதுநகரில் ரயிலேறினார். வடக்கே ஏதோ ஓர் ஊரில் கம்பெனிக்குக் கிட்டங்கி இருந்தது. அங்கே சரக்கு இறக்குகிற வேலை. தலைதீபாவளிக்குக்கூட மாப்பிள்ளை இல்லை. அம்மா எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

கார்த்திகை பிறந்து முதல் வாரத்தில் அவர் வந்தார். நானும் புதுப்பட்டிக்குத் திரும்பினேன். மார்கழியில் எனக்கு வீட்டுக்குத் தூரம் வரவில்லை. ஒன்பதாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்துப் போகிறேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதுவரை வீட்டிலேயே உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டினேன்.

அந்த ஒன்பதாம் மாதம் வரவில்லை. ஆனி கடைசியில், ஒரு காலை நேரத்தில், பசைச் சட்டியைத் தூக்கப் போனவளுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் பிறந்துவிட்டாள்.

மருத்துவச்சி பிள்ளையை ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தாள். முழுதாக ஒரு முழம்கூட இல்லை. தோலுக்கு அடியில் ஓடுகிற நரம்பு தெரிந்தது. முதுகிலும் தோளிலும் பூனைமுடி. காதை மடக்கினால் மடங்கியபடியே இருந்தது. நகம் விரல்நுனி வரைக்கும் வளரவில்லை. இதையெல்லாம் மருத்துவச்சி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். மாமியாரும் குனிந்து பார்த்தாள். பார்க்கவில்லை என்று அவள் சொல்ல முடியாது.

"எத்தன மாசம்?" என்று வாசலில் நின்று என் வீட்டுக்காரர் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. தன் அம்மாவைக் கேட்டார்.

"எட்டுலே" என்றாள் மாமியார்.

"ஏழுல பெறந்தாப் பொழைச்சுக்கிடும். எட்டுல பெறந்தது ஒண்ணுகூட எங் கையில தங்குனதில்ல தாயி. பதினாறு நாளு பாருங்க" என்று சொல்லிவிட்டு மருத்துவச்சி கையைக் கழுவினாள்.

மாமியார் உள்ளே போய்ப் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்து, துவைத்து, காயப்போட்டு, மடித்து வைத்தாள். பிள்ளையைப் புதைக்கும்போது சுற்றுவதற்கு என்று எனக்குத் தெரிந்தது. எதிர்த்துக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

பிள்ளைக்குச் சப்பத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சிச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கொட்டை எடுத்த பஞ்சால் சுற்றி, ரவிக்கைக்குள் என் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். கையை எடுத்தால் ஜில்லிட்டுவிடும் என்று பயம். உட்கார்ந்தபடியே தூங்கினேன். பத்தாம் நாள் தானாகவே மார்பைத் தேடி வாயைத் திறந்தாள். பதினாறாம் நாள் அவள் அழுதது அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

அன்றைக்குப் பிள்ளைக்கு இடுப்பில் கறுப்புக் கயிறு கட்ட வேண்டும். தகப்பனோடு கூடப்பிறந்தவள்தான் கட்டுவாள். என் நாத்தனார் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாமியார் அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். எல்லார் முன்னாலும் விரலை மடக்கினாள்.

"எட்டு மாசத்துப் புள்ள தங்காது. இது தங்கிருச்சு. அப்ப இது எட்டில்ல, பத்து. ஆனியில பத்துன்னா புரட்டாசியில உண்டாயிருக்கணும். புரட்டாசியில எம் மகன் எங்கன இருந்தான்? இவ எங்கன இருந்தா?"

நாத்தனார் சிரித்தாள். "வடக்கேருந்து எங்கண்ணன் பார்சல்ல அனுப்பியிருப்பாரு, இல்ல மதினி?"

வந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். அவர் எழுந்து கம்பெனிக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கார்த்திகையில் வந்தது அவர்தானே?

சேதி கேட்டு அம்மா ஓடிவந்தாள். "ஐப்பசியில இவ எங்க வீட்டுல மூணு நாளு ஒதுங்கி உக்காந்திருந்தா. நாந்தான் தண்ணி ஊத்துனேன். சத்தியம் பண்ணுதேன்."

"ஆத்தாக்காரி வேற என்னத்தச் சொல்லுவா?" என்றாள் மாமியார்.

"அப்ப விருதுநகருக்குத் தூக்கிட்டுப் போவோம். டாக்டரம்மா பாத்தா எத்தன மாசம்னு சொல்லிருவாக."

"நம்ம வீட்டு மானத்த டாக்டரம்மாட்டயா கேக்கப் போறது? சாப்பிட்டீகன்னா பஸ்ஸுக்குப் பொறப்படுங்க."

அம்மா சாப்பிடாமலே போனாள்.

மருத்துவச்சிக்குத் தெரியும். நகத்தையும் காதையும் தொட்டுக் காட்டியவள் அவள்தான். ஆனால் எட்டில் பிறந்தது தங்காது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவளும் அவள்தான். மாமியார் போய்க் கேட்டபோது, "நானும் கெழவியாயிட்டேன், கண்ணு சரியாத் தெரியல" என்று நழுவிக்கொண்டாள்.

பிறகு மாமியாரே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"பத்து மாசப் புள்ளைன்னா நாலாம் மாசம் கவுந்துரும். கொறமாசப் புள்ளைக்கு ஆறு ஏழு ஆகும். பாப்போம். கார்த்திகைக்குள்ள கவுந்துச்சுன்னா, தூக்கிட்டு ஒங்க ஆத்தா வீட்டப் பாத்து நட. மார்கழி தாண்டுச்சுன்னா எம் பேத்தி."

அவர் அந்த வருடமும் ஆடியில் ரயிலேறினார். போகும்போது பிள்ளையைக் குனிந்து பார்த்தார், தூக்கவில்லை. "அம்மா சொல்றபடி இரு" என்றார்.

ஆவணியில் பிள்ளை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். புரட்டாசியில் கழுத்து நின்றது. மற்ற தாய்மார்கள் இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிச் சந்தோஷப்படுவார்கள். நான் கார்த்திகை முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் வளராதே, சீக்கிரம் வளராதே என்று பால் கொடுத்துக்கொண்டே சொன்னேன். பெற்றவள் சொல்லக்கூடிய வார்த்தையா? சொன்னேன்.

ஐப்பசியில் சீசன் உச்சத்தில் இருந்தது. மாமியாரும் நாத்தனாரும் விடிந்ததும் கம்பெனிக்குப் போய்விடுவார்கள், பொழுது அடைந்துதான் வருவார்கள். நான் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து குழாய் உருட்டினேன். ஒரு நாள் பசையைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் பிள்ளை கவிழ்ந்து கிடந்தாள். ஒரு கை அடியில் மாட்டியிருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வாயெல்லாம் எச்சில். தான் செய்த காரியம் அவளுக்கே பிடித்திருந்தது.

பிள்ளை முதல்முதலாகக் கவிழ்ந்தால் எங்கள் பக்கத்தில் பொரிகடலையும் வெல்லமும் வாங்கித் தெருவுக்குக் கொடுப்பார்கள். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டு, மல்லாக்கப் புரட்டிப் போட்டேன்.

அவள் மறுபடியும் கவிழ்ந்தாள். மறுபடியும் புரட்டினேன். அன்றைக்கு எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. உருட்டி வைத்திருந்த குழாய்க் கட்டுகளை எடுத்து இரண்டு பக்கமும் அணையாக வைத்தேன். அவள் காலை உதைத்தாள், தோளைத் திருப்பினாள், குழாய்க் கட்டுகளில் முட்டிக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். அவர்கள் வருகிற நேரத்துக்கு முன்னால் வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிடுவேன். கம்பெனி லீவு நாளில் சேலைத் தூளியைவிட்டு இறக்கமாட்டேன். தூளிக்குள் எந்தப் பிள்ளையும் கவிழ முடியாது.

"என்ன எப்பப் பாத்தாலும் தூளியிலயே போட்டு வச்சிருக்க?" என்றாள் மாமியார்.

"சளி புடிச்சிருக்கு அத்த."

நான் அந்த வீட்டில் சொன்ன முதல் பொய் அது. நன்றாகவே சொன்னேன்.

மாமியார் விடவில்லை. ஒரு லீவு நாளில் தூளியிலிருந்து எடுத்துப் பாயில் போட்டுக் கைதட்டினாள். கிலுகிலுப்பையைத் தலைமாட்டில் ஆட்டினாள். நான் பசைச் சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். பிள்ளை சத்தம் வந்த பக்கம் கண்ணைத் திருப்பினாள். தோளைத் திருப்பவில்லை. மல்லாந்தபடியே கிடந்தாள்.

கார்த்திகையில் அவர் வந்தார். "கவுந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டார், அதையும் தன் அம்மாவிடம். மார்கழி முடிந்தது. தைப் பொங்கலுக்கு முதல் நாள் மாமியார் பெட்டியிலிருந்து அந்தக் கறுப்புக் கயிற்றை எடுத்து நாத்தனாரிடம் கொடுத்தாள்.

"கட்டு. கொறமாசந்தான். இல்லாட்டி இம்புட்டு நாளு கவுராமக் கெடக்குமா? சாமி புண்ணியத்துல தங்கிருச்சு."

"தப்பாச் சொல்லிட்டேன்" என்ற வார்த்தை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நாத்தனார் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டு, "அத்த கட்டியிருக்கேன், என்னப் பாத்துச் சிரிட்டி" என்று பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். அவர் அன்றைக்குத்தான் மகளை முதன்முதலாகத் தூக்கினார்.

மறுநாளே நான் குழாய்க் கட்டுகளை எடுத்துவிட்டேன். கவிழ்ந்துகொள் என்று பாயின் நடுவில் போட்டேன். அவள் கவிழவில்லை. கையைக் காலை ஆட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தாள். நானே அவளைப் புரட்டிக் கவிழ்த்தேன். பயந்து அழுதாள். ஐப்பசியில் தலையைத் தூக்கிச் சிரித்த பிள்ளை, தையில் முகத்தைப் பாயில் வைத்துக்கொண்டு வீறிட்டாள். தை முழுக்க யாரும் பார்க்காத நேரத்தில் அவளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினேன். மந்தமாகப் போய்விடுவாளோ, நானே கெடுத்துவிட்டேனோ என்று ஆள் இல்லாத நேரத்தில் அழுதேன்.

மாசி பிறந்த பிறகு, எல்லாரும் வீட்டில் இருக்கும்போது, தானாகவே கவிழ்ந்தாள். மாமியார்தான் பார்த்தாள்.

"எம் பேத்தி கவுந்துட்டா! ஏலே, கடைக்கு ஓடு" என்று மகனை விரட்டினாள். பொரிகடலையும் வெல்லமும் வந்தன. தெருப் பெண்கள் வந்தார்கள். பதினாறாம் நாள் சிரித்த அதே பெண்கள்தான்.

"லேட்டுத்தான், ஆனாலும் எங்க வீட்டுப் புள்ளைலா" என்று மாமியார் எல்லார் கையிலும் அள்ளிப் போட்டாள். என் முன்னாலும் வந்து நின்றாள். "இந்தா, நீயும் வாயில போடு. மொத மொதக் கவுந்திருக்கா."

கையை நீட்டி வாங்கினேன். வாயில் போட்டேன். கொல்லைப்புறம் போய் எல்லாவற்றையும் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து, மறுபடியும் குழாய் உருட்ட உட்கார்ந்தேன்.