கொடும்பாவிக்கு வந்த லாரி

செங்கோடண்ணனிடம் பதில் இல்லாத கேள்வியே கிடையாது. ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில் முதலில் லாரி வாங்கியவர் அவர்தான். அனல்மின் நிலையத்துக்குக் கரி ஏற்றியே ஒரு வண்டியை மூன்றாக்கினார். மழை ஏன் இல்லை என்றால் ஒரு வருஷம் செல்போன் டவர் என்பார், மறு வருஷம் ராக்கெட் மேகத்தைக் கிழித்துவிட்டது என்பார். கரியும் டீசலும் எரிவதால்தான் பூமி சூடாகிறது என்று டிவியில் சொன்னால் சேனலை மாற்றிவிடுவார். "என்ர மூணு வண்டிப் பொகையிலயா வானம் வேகுது?" என்பார். நாங்கள் தலையாட்டுவோம். ஊரில் பாதி வீட்டுக்கு லாரிதான் சோறு போடுகிறது. நானும் அவர் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டிப் பிழைப்பவன்தான்.

அவர் மனைவி மாரக்கா ஒரு கோடையில் வயலில் மயங்கி விழுந்தார். உச்சி வெயில் இந்த உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். அண்ணன் அன்றே ஏசி வாங்கி மாட்டினார். பாசம் இல்லாத மனுஷன் என்று சொல்ல முடியாது.

போன வருஷமும் மழை பொய்த்தது. கொடும்பாவி கட்டுவதென்று ஊர் கூடி முடிவானது. மழையைத் தடுக்கிற பாவியை வைக்கோலில் செய்து, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் எரிப்பது வழக்கம். ஆனால் அடிக்கிற வெயிலில் கயிற்றைப் பிடிக்க ஆளில்லை. அண்ணன்தான் வழி சொன்னார். "என்ர லாரியில கட்டியுடுங்க, அது இழுத்துட்டுப் போகுது."

நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னோம். 

மாரக்காவைப் போல ஒப்பாரி பாட எங்கள் ஊரில் ஆளில்லை. டாக்டர் வேண்டாமென்றாரே என்று அவர் தயங்கினார். சாமி காரியத்துக்குப் போனால் ஒன்றும் ஆகாது என்று அண்ணனே அனுப்பிவைத்தார்.

லாரி ஊர்ந்து போனது. அண்ணன்தான் ஓட்டினார். பின்னால் கொடும்பாவி, அதன் பின்னால் பெண்கள். புகை நேராக அவர்கள் முகத்தில் அடித்தது. பாவி போனால் பூமி குளிருமா என்று பாடிக்கொண்டே வந்த மாரக்கா, மாரியம்மன் கோயில் முக்கில் பாட்டை நிறுத்திவிட்டு அப்படியே சரிந்தார். அண்ணனுக்கு அது தெரியவில்லை. நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டிய பிறகுதான் வண்டி நின்றது.

அதே லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தோம். கயிற்றை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை கொடும்பாவியும் கூடவே இழுபட்டு வந்தது. பொழுது சாய்வதற்குள் மாரக்கா போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் விதி என்றார். லாரிகள் வழக்கம்போலக் கரிக்குப் போய்வந்தன.

இந்த வருஷமும் மழை இல்லை. கோயில் தர்மகர்த்தா குழந்தைவேல் எங்களைக் கூட்டிக்கொண்டு, கொடும்பாவிக்கு லாரி கேட்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் எழுந்து வந்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

"வண்டி வேண்டாமுங்க. வைக்கோலும் வேண்டாமுங்க. என்னையக் கட்டி இழுங்க."

குழந்தைவேல் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"ஏனுங்க இப்படிப் பேசறீங்க? உங்க மூணு வண்டிப் பொகையிலயா வானம் வேகுது?"

அண்ணனிடம் அதற்குப் பதில் இல்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.