முட்டை ஏற்றிய ஜீப்பும் இறங்கிய பிரேக்கும்: நெமிலிச்சேரியில் ஒரு ஞாயிறு

காலை 6.10. பட்டாபிராம் ஸ்டேஷனில் இறங்கும்போதே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. நாமக்கல்காரன் ஒருவன் வண்டி பார்க்க மெட்ராஸுக்கு வருகிறான் என்றால் சும்மாவா? எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு லாரி, லாரிக்கு நாலு பேர் யோசனை சொல்ல. சென்ட்ரலிலிருந்து இங்கே சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஜன்னலோரம் கிடைத்தது. எண்பத்தொன்பதாம் வருடம், ஆடி மாதம். காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் போட்டது.

என்னை வரவழைத்தவர் என் அக்கா வீட்டுக்காரர். நெமிலிச்சேரியில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் அந்தப் பண்ணைச் சேற்றிலிருந்து முட்டை ரோட்டுக்கு வரும். அதற்காகவே ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று உண்டு. பதினோரு வருடமாக அதை ஓட்டுபவர் ஏழுமலை. போன வாரம் முட்டை லோடோடு ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைப் பந்தல்காலில் கொண்டுபோய் மோதிவிட்டார். யாருக்கும் அடியில்லை, ஒரு முட்டைகூட உடையவில்லை, பந்தல் மட்டும் சாய்ந்தது. பிரேக் இறங்கிவிட்டது என்கிறார் அவர். ஆனால் யார் மிதித்தாலும் பிரேக் கல் மாதிரி நிற்கிறது.

"குடிச்சிருக்கான் மாப்ள. வேற என்ன?" என்றார் மாமா. "ஆனா கோவத்துல அனுப்பிட்டேன்னு நாளைக்குப் பேர் வரக் கூடாது. நீ வண்டி தெரிஞ்சவன். சாயங்காலத்துக்குள்ள பாத்துச் சொல்லு. கோளாறு இல்லீன்னா சாவிய வாங்கிரு."

ஏழுமலைக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. "நான் இன்னாத்துக்கு சார் பொய் சொல்லப் போறேன்? மிதிச்சேன், அப்டியே எறங்கிப் பூட்ச்சு" என்றார். நான் ஏறி உட்கார்ந்து ஓங்கி மிதித்தேன். கல்தான். அப்போதே பாதி முடிவு கட்டிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காலை 8.00. பாடியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டக் காலி ஜீப்பில் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் கிழக்கே கிளம்பினோம். ஆவடியில் தொழிற்சாலை மதில் முடிவேனா என்று நீண்டுகொண்டே போயிற்று. அம்பத்தூரில் ஞாயிற்றுக்கிழமைகூட ஷிப்ட்டுக்குப் போகும் சைக்கிள்கள். வழியெல்லாம் ஏழுமலை எனக்காகவே பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதித்துக் காட்டினார். ஒரு தடவையாவது இறங்காதா என்று அவர் முகம் கெஞ்சியது. அது இறங்கவேயில்லை. பதினெட்டு கிலோமீட்டர் தாண்டிப் பாடியில் டீ குடித்தோம், எழுபத்தைந்து பைசா. அவருடைய டீ ஆறிப்போனது.

பாடி மெக்கானிக் கைகாரன்தான், குறை சொல்ல முடியாது. நாலு சக்கரத்தையும் கழற்றி எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தார். குழாயில் காற்று சேர்ந்திருக்கிறதா என்று எண்ணெயை விட்டு வெளியேற்றிப் பார்த்தார். கடைசியில் இரண்டு காலாலும் ஏறி மிதித்தார். "பெடல் சும்மா கும்முனு கீது அண்ணாத்தே. ஒழுகல, காத்தும் இல்ல. உன் கால்லதான் இன்னாவோ கீது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை.

பகல் 12.15. திரும்பும் வழியில் ஆவடிக் குவார்ட்டர்ஸ். அங்கே செல்லையா என்று ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், கனரக வண்டித் தொழிற்சாலையில் பிரேக் சோதிக்கும் வேலை. விடுமுறை நாளில் தெரிந்தவர்களுக்கு வண்டி பார்த்துக் கொடுப்பார். அவரும் குனிந்தார், படுத்தார், தட்டினார். பிறகு பூட்ஸ் காலால் அவர் மிதித்த மிதியில் ஜீப்பே ஆடியது.

"கோளாறு ஒண்ணுந் தெரியலையே தம்பி. ஆனா மனசு ஒப்பல" என்றார்.

எனக்கு ஒப்பிவிட்டது. மூன்று பேர் பார்த்தாயிற்று. பண்ணைக்குத் திரும்பியதும் ஏழுமலையிடம் சொன்னேன்: "சாயங்கால லோடை மட்டும் எறக்கிட்டு வந்து சாவியக் குடுத்துருங்க." அவர் அறுபது அட்டை முட்டையை ஒவ்வொன்றாக அடுக்கி, நடுவில் வைக்கோல் செருகினார். கடைசி அட்டைக்கு இடமில்லாமல் என் மடியில் வைத்தார்.

மாலை 3.40. பட்டாபிராம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஏழுமலை இருநூறு அடிக்கு முன்னாலேயே செருப்பை உதறிவிட்டு வெறுங்காலைப் பிரேக்கின் மேல் வைத்தார். வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும், மிதிக்கவில்லை. தற்செயலாக நான் கீழே பார்த்தேன். பெடல் இறங்கியது. அவசரமே இல்லாமல், சேற்றில் கால் புதைவது போல, இறங்கி இறங்கித் தரையைத் தொட்டது. ஜீப் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு சைக்கிள்காரர், கேரியரில் குழந்தை. ஏழுமலை காலை எடுத்து ஓங்கி ஒரு மிதி மிதித்தார். கேரியருக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது.

என் மடியில் மஞ்சள் கரு வழிந்தது. நாலு முட்டை உடைந்திருந்தது.

"மன்ச்சுக்கோ சார். பதினோரு வருசத்துல இதான் மொதல் தபா" என்றார் ஏழுமலை. உயிர் போக இருந்தது, அவர் முட்டைக்கு மன்னிப்புக் கேட்கிறார்.

வழிந்த கருவை வழித்துவிட்டுக் கேட்டேன்: "காலையில ஏன் இப்படி எறங்கலை?"

"காலைல காலி வண்டியாச்சே சார். காலி வண்டிய எவன் தடவித் தடவி ஓட்டுவான்? முட்டை இருந்தா கால் தானா மெத்துனு வந்துரும்."

மாலை 4.20. ஓங்கி ஓங்கி மிதித்தபடியே மறுபடி ஆவடிக்கு வந்தோம். செல்லையா முழுக் கதையையும் கேட்டார். பூட்ஸைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். ஜீப்பில் ஏறி, பெருவிரலை மட்டும் பெடலில் வைத்து, தூங்குகிற பிள்ளையைத் தட்டுவது போல அழுத்தினார். பெடல் சத்தமில்லாமல் தரைக்குப் போயிற்று. காலை எடுத்து ஓங்கி மிதித்தார். கல்.

"நீங்களும் வாங்க தம்பி" என்றார். நானும் செருப்பைக் கழற்றி ஏறினேன். என் பெருவிரலுக்கடியில் அந்த இரும்பு வழிவிட்டு இறங்கியபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோவிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

செல்லையா பெடலோடு சேர்ந்த எண்ணெய் உருளையைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு ரப்பர் கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். நாலணாக் காசு அளவுதான். அதன் விளிம்பில் ஒரு பக்கம் நகக்கண் அளவு தேய்ந்திருந்தது. ஓங்கி மிதித்தால் எண்ணெயின் வேகத்தில் விளிம்பு விரிந்து அடைத்துக்கொள்ளும். மெதுவாக அழுத்தினால் விளிம்பு விரியாது, எண்ணெய் அதைத் தாண்டிப் பின்பக்கம் நழுவிவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, தொட்டியில் அளவும் குறையாது. இவ்வளவு பெரிய வண்டி இவ்வளவு சின்ன ஓரத்தை நம்பி ஓடியிருக்கிறது. நான் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நாப்பது டன் வண்டிக்கு மிதிச்சுப் பழகுன காலு என்னுது. எனக்கு எங்க தெரியும்?" என்றார் செல்லையா. பிறகு ஏழுமலையின் பக்கம் திரும்பினார். "ஓய், உம்ம காலு சொன்னதுதான்வே சரி."

ஏழுமலை தலையைக் குனிந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

ஆவடி மார்க்கெட்டில் ஒரு கடைக்காரரை வீட்டிலிருந்து கூப்பிட்டுக் கடை திறக்கச் செய்து புது ரப்பர் வாங்கினோம், பதினெட்டு ரூபாய். மாட்டி முடித்து, உடையாத முட்டையைக் கொண்டுபோய் இறக்கினோம்.

மாலை 7.05. பண்ணை வாசலில் ஏழுமலை சாவியைக் கழற்றி நீட்டினார். அவர் கையை மடக்கி, சாவியை அவரிடமே விட்டேன். மாமாவிடம் காட்டத் தேய்ந்த ரப்பரை என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஏழுமலை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்த எனக்குக் குடேன் சார்."

"எதுக்குங்க?"

"ஊட்ல காட்டணும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "அன்னிக்கு என் பொஞ்சாதிகூட என் வாய மோந்து பாத்துச்சு."

எங்கள் நாமக்கல்லில் ஆயிரம் லாரி ஓடுகிறது, ஆயிரம் பிரேக்கை ஆயிரம் பேர் மிதிக்கிறோம். எப்படி மிதித்தாய் என்று ஓட்டுகிறவனை ஒரு நாள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ரப்பரை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். கைக்குட்டையில் முடிந்து, இரண்டு தரம் முடிச்சுப் போட்டு, வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார். மாமாவுக்கு என் வாய்ச்சொல் போதும்.